சீட்டை ஏற்றுங்கள், பல்லைக் கூட்டுங்கள்

மூட்டில் நாள்பட்ட வலியோ பழைய அடியோ இருப்பவர்கள் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சைக்கிள் மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். உடம்பைப் பற்றிய கேள்வி எங்கே முடிகிறது, வண்டியைப் பற்றிய கேள்வி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாததால் இரண்டு பேர்.

வயது 56. வலது முழங்காலில் தேய்மானம். நடையைக் குறைத்து சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். வீட்டில் கிடந்த பழைய 22 இஞ்ச் சைக்கிளைத் துடைத்து எடுத்து ஓட்டினால், நாலாவது நாளே முழங்கால் சிப்பிக்கு அடியில் குத்துகிறது. சைக்கிள் நல்லதா, கெட்டதா?
வாசகர், தஞ்சாவூர்

சைக்கிள் நல்லதுதான். நீங்கள் உட்காரும் உயரம்தான் சரியில்லை என்று தோன்றுகிறது.

சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு எட்டுக்கும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்கு முழங்கால் மூட்டில் சுமை ஏறி இறங்குகிறது. சைக்கிளில் பாரத்தின் பெரும்பகுதியை சீட் வாங்கிக்கொள்கிறது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில், உள்ளே அளவுமானி வைத்த செயற்கை மூட்டு பொருத்தியவர்களை நிலைச்சைக்கிள் மிதிக்கவைத்து, சுமையை மூட்டுக்குள்ளிருந்தே அளந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் 60 வாட் அளவிலான இலேசான மிதிக்கு, நிமிடத்துக்கு 40 சுற்றில், உச்சச் சுமை உடல் எடையைப் போல சுமார் 1.2 மடங்குதான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அதே வேலையைச் செய்ய, சுற்று கூடக் கூட மூட்டுச் சுமை குறைந்தது. மெதுவாக அழுத்தி மிதிப்பதைவிட இலேசாக வேகமாகச் சுற்றுவது மூட்டுக்கு நல்லது. இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் கடிதத்தில் சீட் உயரம் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் ஊர் வழக்கப்படி, உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றும் உயரத்தில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறுகிறது. அதிகமாக மடங்கிய நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கிறது. மடக்கு கூடக் கூட தொடைத் தசை சிப்பியைத் தொடை எலும்போடு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. தேய்ந்த மூட்டு அங்கேதான் முனகும். முன்பக்க வலி என்றாலே முதலில் சீட்டைப் பாருங்கள்.

வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்காருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் நடுவில் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒருபக்கம் சரியாமல் முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது அதே காலில் ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி மடக்கு மிஞ்சும், வேண்டியது அதுதான். கணக்காகப் பார்க்க விரும்பினால், வெறுங்காலில் சுவரில் சாய்ந்து நின்று ஒரு கனமான நோட்டுப்புத்தகத்தைக் கவட்டையோடு ஒட்டிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து, 0.883ஆல் பெருக்குங்கள். கவட்டை உயரம் 78 செ.மீ. என்றால் சுமார் 69 செ.மீ. வரும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் தண்டின் போக்கிலேயே சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தேய்மானம் முற்றியவர்களில் சிலருக்குக் கால் முழுதாக நீளாது. படுக்கையில் காலை நீட்டினால் முழங்காலுக்கு அடியில் கை நுழையும். அவர்களுக்கு இந்தப் பெருக்கல் கணக்கு சீட்டை அதிகமாக ஏற்றிவிடும். குதிகால் முறைதான் சரி, அதுவும் நீளாத காலை வைத்து.

நாலு செ.மீ. ஏற்ற வேண்டியிருந்தால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு செ.மீ. போதும். பழைய சீட் கம்பியில் எல்லைக்கோடு இருக்காது. பிரேமுக்குள் குறைந்தது 7 செ.மீ. கம்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீளமான கம்பி வாங்குங்கள். துருப்பிடித்து அசையாத கம்பிக்கு இரவே எண்ணெய் விட்டுவைத்து, காலையில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருகித்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் பிரேம் வாய் பிளக்கும். உயரம் அதிகமாகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, முழங்காலின் பின்குழியில் வலி வந்தாலோ அரை செ.மீ. இறக்குங்கள்.

சீட்டின் முன்பின் நிலையையும் விடக்கூடாது. பெடல்கள் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்காலின் சிப்பிக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து, நட்டு கட்டிய நூல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். அது பெடல் அச்சின் மேலோ ஒரு செ.மீ. பின்னாலோ விழுந்தால் ஆரம்பத்துக்குப் போதும். முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்தள்ள வேண்டும். பழைய ஸ்பிரிங் சீட்டுகளில் அடியில் இருக்கும் கிளிப்பைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே சீட் நன்றாக நகரும். புதுசு எதுவும் வாங்க வேண்டாம். அதோடு உயரத்தை மறுபடி பாருங்கள், ஏனென்றால் சீட் பின்னால் போனால் பெடலுக்கு உள்ள தூரமும் கூடிவிடும்.

சீட் ஏறியதும் கால் தரைக்கு எட்டாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கி, வண்டியை இடதுபக்கம் சாய்த்துக் காலூன்றப் பழக வேண்டும். காலி மைதானத்தில் ஒரு நாள் பழகினால் போதும்.

எவ்வளவு ஓட்டலாம்? சமதரையில் 10 அல்லது 15 நிமிடம், வாரம் நாலு நாள். ஓட்டும்போது வலி பத்துக்கு மூன்று வரை இருந்தால் பயமில்லை. தீர்ப்பு சொல்வது மறுநாள் காலை: எழுந்து முதல் பத்து எட்டு வைக்கும்போது நேற்றைவிட விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய நாள் ஓட்டியது அதிகம். கூடவில்லை என்றால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம்.

கியர் சைக்கிள் வாங்க வசதியில்லை. சாதா சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்தால் முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிறது. வழி உண்டா?
வாசகர், நாகப்பட்டினம்

உண்டு, செலவும் குறைவு. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ப்ரீவீலை மாற்றுங்கள். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்பது சாதா சைக்கிளில் பரவலான கூட்டு. உங்கள் வண்டியில் எத்தனை என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். 18ஐ எடுத்துவிட்டு 22 பல் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் தேவையான அழுத்தம் சுமார் 18 சதவீதம் குறையும்.

கணக்கு இதுதான். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.23 மீட்டர் ஓடும். மணிக்கு 15 கி.மீ. போக 44-க்கு-18இல் நிமிடத்துக்கு 46 சுற்று மிதிக்கிறீர்கள். 44-க்கு-22இல் 56 சுற்று. இந்தப் பத்துச் சுற்று வித்தியாசம்தான் முழங்காலுக்குக் கிடைக்கும் ஓய்வு. முதல் இரண்டு நாள் கால் சும்மா சுற்றுவது போலிருக்கும், வேகமே இல்லை என்று எரிச்சல் வரும். அதற்காகப் பழைய பல்லுக்குத் திரும்பாதீர்கள்.

பல் கூடினால் செயின் எட்டாது. சக்கரத்தை முன்னே தள்ள இடமிருந்தால் சரி, இல்லையென்றால் கண்ணி சேர்க்க வேண்டும். இழுத்து நீண்டுபோன பழைய செயினைப் புதுப் பல்லில் போட்டால் அழுத்தும்போது வழுக்கும். வழுக்கிய மிதியில் கால் திடீரென்று கீழே இறங்கும்; அடிபட்ட மூட்டுக்கு அதைவிடக் கெட்டது இல்லை. ஆகவே செயினையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். டயரில் காற்றும் முக்கியம். பாதிக் காற்றில் ஓடும் டயர், கேரியரில் இன்னொரு ஆள் உட்கார்ந்ததற்குச் சமம்.

எனக்கு 48. சிக்குன்குனியா வந்து ஒன்றரை வருடம் ஆகியும் மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி போகவில்லை. காலையில் பிரேக்கைப் பிடிக்கவே விரல் மடங்க மறுக்கிறது. சைக்கிளை விற்றுவிடலாமா?
வாசகி, திண்டுக்கல்

விற்க வேண்டாம். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மூன்று மாதம் தாண்டினால் அதை நாள்பட்டதாகக் கணக்கில் எடுப்பார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். ஒன்றரை வருடமாகக் காலை விறைப்பு இருப்பதால் மூட்டுவாத மருத்துவர் ஒருவரை ஒருமுறை பாருங்கள். வைரஸ் விட்டுப்போன வலியா, முடக்குவாதம் தொடங்கியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையோடு பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சை வேறு வேறு.

வண்டியில் செய்ய வேண்டியது, கையிலிருந்து பாரத்தை எடுப்பது. ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ இருக்கட்டும். பழைய வகை ஹேண்டில் தண்டின் உச்சியில் ஒரு போல்ட் இருக்கும். அதை மூன்று சுற்றுத் தளர்த்துங்கள்; முழுதாகக் கழற்றக் கூடாது. போல்ட் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட்டுத் தண்டு ஏறும். தட்டாமல் திருகிக்கொண்டே இருப்பவர்கள் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டு திண்டாடுவார்கள். தண்டு குறைந்தது 6 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். இறுக்கிய பின் முன்சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், நகரக் கூடாது.

பிரேக் உங்களுக்குப் பாதுகாப்பு விஷயம், அதனால் இதில் சிக்கனம் வேண்டாம். கம்பி பிரேக் வண்டி என்றால் கேபிள் பிரேக்குக்கு மாறுங்கள். ஏற்கெனவே கேபிள் என்றால், உள்கம்பியும் உறையும் புதிதாகப் போட்டு, உள்ளே எண்ணெய் விட்டாலே பாதிப் பலத்தில் பிடிக்கும். பிடிக்கு அருகில் சிறிய திருகாணி இருக்கும் லீவர்களில் அதைத் திருகினால் லீவர் கைப்பக்கம் நெருங்கி வரும். மெல்லிய கைப்பிடி மேல் பழைய டியூபை வெட்டிச் சுற்றித் தடிமனாக்கினால் விரல் அவ்வளவு இறுக மடங்க வேண்டியதில்லை.

கணுக்காலுக்கு எளிய வழி: முன்பாதத்தால் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதி பெடல் அச்சின் மேல் வருமாறு வையுங்கள். கெண்டைக்காலும் கணுக்காலும் செய்யும் வேலை குறையும். இப்படி வைத்தால் சீட் ஒரு செ.மீ. போல இறங்க வேண்டியிருக்கும். விடிகாலையில் ஓட்டாதீர்கள், விறைப்பு விட்டபின், பத்து மணிக்கோ மாலையிலோ ஓட்டுங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவது மட்டும் கூடாது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டுவது போல அது.

கபடியில் முழங்காலின் முன்ஜவ்வு அறுந்து 11 வருடம். ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. இப்போது கியர் சைக்கிளில் வாரக்கடைசியில் 60 கி.மீ. போகிறேன். 40 தாண்டினால் முழங்காலின் வெளிப்பக்கம் எரிகிறது. ஷூவைப் பெடலில் மாட்டும் வகை. ஜவ்வுதான் காரணமா?
வாசகர், சென்னை

பெரும்பாலும் இல்லை. முன்ஜவ்வு வேலை செய்வது முக்கியமாக உடம்பு திரும்பும்போதும் திடீரென்று நிற்கும்போதும். சைக்கிள் மிதியில் அதன் மேல் விழும் இழுவை மிகக் குறைவு. அதனால்தான் அது இல்லாமலே உங்களால் 60 கி.மீ. போக முடிகிறது. வெளிப்பக்க எரிச்சல், இடுப்பிலிருந்து முழங்கால் வெளிப்பக்கம் வரை ஓடும் நீண்ட தசைநார்ப் பட்டை உரசுவதால் வருவதுதான் வழக்கம். கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கியிருக்கும்போது, அதாவது பெடல் அடிமட்டத்தை நெருங்கும்போது, அது எலும்பு மேட்டோடு அழுந்துகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை. முதல் மணியில் தெரியாதது இரண்டாம் மணியில் எரிவது இதனால்தான்.

முதலில் இப்போதைய அளவுகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: சீட் தண்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, ஷூவின் அடியில், பெடலில் மாட்டும் துண்டான கிளீட்டைச் சுற்றி மார்க்கர் கோடு. பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டம். முதல் மாற்றம், சீட்டை 5 மி.மீ. இறக்குவது. அடுத்தது கிளீட்டின் கோணம்: மேஜையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்திலேயே அது மாட்ட வேண்டும். கபடிக் காலில் பாதம் சற்று வெளியே பார்ப்பது சகஜம். அதை வலுவில் நேராக்கினால் முறுக்கம் முழுதும் முழங்காலுக்குப் போகும். அதற்கும் அடங்காவிட்டால் கிளீட்டை ஷூவின் உள்பக்கமாக 2 மி.மீ. நகர்த்துங்கள், பாதம் வெளியே போய் நிலை அகலமாகும். அசைவே இல்லாமல் இறுகப் பிடிக்கும் கிளீட்டைத் தவிருங்கள். சில டிகிரி ஆட விடும் வகை உங்களுக்கு வேண்டும்.

உங்கள் ஜவ்வுக்கு ஆபத்து மிதிப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. கிளீட்டைக் கழற்ற குதிகாலை வெளியே திருப்புகிறீர்கள், பிறகு காலூன்றி, வண்டியோடு உடம்பைத் திருப்புகிறீர்கள். ஜவ்வில்லாத முழங்கால் நழுவுவது இந்த இடத்தில்தான். கிளீட்டைப் பிடிக்கும் பெடல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆகக் குறைவாக வையுங்கள். நிறுத்தும்போது நல்ல காலை ஊன்றுங்கள், ஊன்றிய காலின் மேல் திரும்பாதீர்கள். நகரத்துக்குள் ஓட்ட மட்டும் சாதாப் பெடல் போட்டுக்கொண்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒரு சோதனை. இரண்டு தொடையிலும் சிப்பியின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே டேப்பால் சுற்றளவு எடுங்கள். அடிபட்ட தொடை ஒன்றரை இரண்டு செ.மீ. மெலிந்திருந்தால், பல வருடமாக நல்ல கால்தான் வண்டியை இழுத்திருக்கிறது. அது சைக்கிளால் மட்டும் சரியாகாது. ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழுவது, பின்தொடைப் பயிற்சி இரண்டும் வாரம் மூன்று நாள் வேண்டும். ஓட்டத்தின்போது முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமல் போனால் மட்டும் எங்கள் பதிலை நம்பிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். அது கிழிந்த குருத்தெலும்புத் துண்டு மூட்டுக்குள் சிக்கியதாக இருக்கலாம்.

அம்மாவுக்கு 63. இடது முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று மாதம். நிலைச்சைக்கிளில் பெடல் ஒரு முழுச் சுற்று வரமாட்டேன் என்கிறது. அழுத்திச் சுற்றவைக்கலாமா?
வாசகி, மதுரை

அழுத்தக் கூடாது. சாதாரண 170 மி.மீ. கிராங்கில் முழுச் சுற்று வர முழங்கால் ஏறக்குறைய 105 முதல் 110 டிகிரி மடங்க வேண்டும். அம்மாவின் மடக்கு எவ்வளவு என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் 90 தாண்டவில்லை என்றால் அறுவை செய்தவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சீட்டை வழக்கத்தைவிட 2 செ.மீ. உயர்த்தி, எதிர்ப்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். முழுச் சுற்றுக்குப் போகாமல், முன்னும் பின்னும் ஊஞ்சல் போல எட்டும் வரை ஆட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். இழுக்கும் இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தம். அதன்பின் பின்பக்கமாக ஒரு சுற்று. பெரும்பாலானவர்களுக்கு முதலில் பின்சுற்றுதான் வரும். அது சுலபமானதும் முன்சுற்று. இடுப்பைத் தூக்கிக் கள்ளத்தனமாகச் சுற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அது மடக்கைக் கூட்டாது. நாளடைவில் சீட்டை அரை அரை செ.மீ. இறக்கினால் மடக்கு கூடிக்கொண்டே வரும்.

பிறகு வெளியே ஓட்ட அனுமதி கிடைத்ததும் லேடீஸ் சைக்கிளில் குட்டைக் கிராங்க் போடுவது நல்ல யோசனை. 170க்குப் பதில் 152 மி.மீ. போட்டால், சீட்டை 18 மி.மீ. ஏற்றலாம், பெடலும் மேலே 18 மி.மீ. குறைவாகவே வரும், ஆக முழங்காலுக்கு 36 மி.மீ. இடம் கிடைக்கிறது. சிறுவர் சைக்கிள் கிராங்குகளில் இந்த அளவு கிடைக்கும். அச்சில் பொருந்துகிறதா என்று கடையில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். அதோடு வரும் பல்சக்கரம் சிறிதாக இருந்தால் மிதியும் இலேசாகும், லாபம்தான். ஓட்டத் தொடங்கிய பிறகு கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை.

மிதிக்கும்போது முழங்காலில் 'கடக் கடக்' சத்தம். நீ-கேப் போடலாமா?
வாசகர், சேலம்

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள். நீ-கேப் சூடு தரும், தைரியம் தரும், ஜவ்வைத் தாங்காது. ஓட்டி முடித்ததும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் வெந்துவிடும்.

மின்சார சைக்கிள் முழங்காலுக்கு உதவுமா?
வாசகர், ஓசூர்

சென்சாரைப் பொறுத்தது. விலை குறைந்தவற்றில் பெடல் சுற்றத் தொடங்கிய பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். முழங்காலுக்கு அதிகச் சுமை விழுவதோ நின்ற வண்டியை நகர்த்தும் முதல் அரைச் சுற்றில். அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டி கால் வைத்ததுமே உதவும். அது கட்டுப்படியாகாவிட்டால் கைத்திருகு வைத்த வண்டியை வாங்கி, திருகிக் கிளப்பிவிட்டு அப்புறம் மிதியுங்கள். வாங்கும் முன் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

என்னட்டை இருக்கிறது பழைய றலி சைக்கிள். ஓடினால் இடது முழங்கால் மட்டும் நோகுது. நடந்தால் ஒண்டுமில்லை. முந்தி ஒருக்கா அந்தப் பக்கமா விழுந்தனான். எக்ஸ்ரேயிலும் ஒரு பிழையும் இல்லை எண்டினம்.
வாசகர், யாழ்ப்பாணம்

எக்ஸ்ரே எடுக்க வேண்டியது வண்டிக்கு. இடப்பக்கம் விழுந்த சைக்கிளில் இடது பெடல் அச்சோ கிராங்கோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின்னால் குந்த முடியாவிட்டால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெடலின் முகம் சுற்று முழுதும் தரைக்கு இணையாக வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தால் வளைவு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பாதம் உள்ளும் வெளியும் புரள, அதை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. பெடலை மாற்றுவதுதான் முதல் சிகிச்சை. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், ஸ்பேனரை வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

அடுத்து, இரண்டு கிராங்கையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். இடதில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின் தேய்ந்துவிட்டது. இரண்டு பின்னையும் ஒரே அளவில் அராவி, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகப் போட வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது, ஒரு கால் முந்தும். பின்னை அடித்து இறக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் உள்ளே இருக்கும் குண்டுகளில் விழுந்து, கிண்ணத்தில் குழி விழும். அதன்பின் மிதி கரகரக்கும்.